மார்ஜரி அக்கா கதவில் ஒரு பூட்டு

மாத்தளை நகரில் மார்ஜரி அக்காவின் வாடகைச் சாமான் கடைக்கு எதிரேதான் என் போட்டோக் கொப்பிக் கடை. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது என் பழக்கம், மறைப்பதற்கில்லை. அப்படிப்பட்ட எனக்கே அவருடைய வியாபாரம் பிடிபடவில்லை.

உட்காரக் கதிரை, பந்தல், பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுவார். கல்யாணத்துக்கு வாடகை உண்டு, சாவு வீட்டுக்குக் கிடையாது. சாவு வீட்டுக்கான சாமான்கள் பின்பக்க அறையில் இருக்கும். அதன் கதவு எந்நேரமும் திறந்தே கிடக்கும். வேண்டியவர்கள் யாரையும் கேட்காமல் எடுத்துப்போய், காரியம் முடிந்ததும் கொண்டுவந்து வைப்பார்கள்.

"எழவு வீட்டுக்காரங்க என் வாசல்ல வந்து கெஞ்சணுமா?" என்பார் அக்கா.

இப்படி நடத்தினால் கடை உருப்படுமா என்று நான் யோசிப்பேன். ஆனால் அதே வீடுகளில் கல்யாணம் வந்தால், பக்கத்தில் மலிவான கடை இருந்தும் இங்கேதான் வருகிறார்கள்.

இந்த வருடம் வஹகோட்டைக் கத்தோலிக்கக் கோயில் திருநாள் சமையலுக்குப் பின்னறையிலிருந்த பெரிய அண்டாவைத் தருவதாக அக்கா வாக்குக் கொடுத்திருந்தார். திருநாள் நெருங்கிவிட்டது, அண்டாவைக் காணோம். யார் எடுத்தது என்றும் தெரியவில்லை. மகன் ஷெல்டன் கொதித்துப்போனான்.

"இப்ப சுவாமியார்கிட்ட என்ன சொல்லப்போறீங்க? இனிமே பின்கதவுக்குப் பூட்டுத்தாம்மா."

அக்கா வாதாடவில்லை. "ஒன் இஷ்டம்" என்றார். முகம் செத்துப்போயிருந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் காலை நான் வந்தபோது அவர் கடை வாசலில் ஒரே கூட்டம். யாரோ சாவு வீட்டுக்குக் கட்டும் வெள்ளைக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெரு முத்தலிப் நானா எழவு வீட்டுக்கென்று சீனியும் தேயிலையும் கொண்டுவந்திருந்தார்.

"மார்ஜரி போயிட்டாங்களாமே?" என்றார் கண்கலங்கி.

அந்தப் பின்கதவு இதற்கு முன் ஒரே ஒரு நாள்தான் மூடியிருந்தது, அக்காவின் கணவர் இறந்த அன்று. இப்போது அதில் பூட்டைப் பார்த்தவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? பூட்டுப் போட்டது ஷெல்டன் என்று சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? அப்படியானால் அக்கா எங்கே என்று திருப்பிக் கேட்டார்கள். எனக்கும் தெரியாது. ஃபோனும் எடுக்கவில்லை.

அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. தேயிலைத் தோட்டத்து றொபின்சன் அழுதுகொண்டே இறங்கினார். கையில் அந்தப் பெரிய அண்டா.

பின்னாலேயே இன்னொரு ஆட்டோவில் ஷெல்டனும் அக்காவும் வந்து இறங்கினார்கள். அண்டா இல்லை என்று நேரில் சொல்ல விடியற்காலையிலேயே வஹகோட்டைக்குப் போய்விட்டு வருகிறார்கள். றொபின்சன் அக்காவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஒரு எழவுக்கு எடுத்துட்டுப் போனப்ப பிடி ஒடஞ்சிருச்சிங்க அக்கா. ஒட்டாம எப்பிடி ஒங்க மொகத்தில முழிக்கிறதுன்னு வச்சிருந்தேன். ஒங்களுக்கே எழவுன்னு கேட்டதும் அப்பிடியே தூக்கிட்டு வந்துட்டேன்."

ஷெல்டன் வெள்ளைக் கொடியைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். பின்பக்கம் போய்ப் பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். பிடியைத் தானே ஒட்டி, அண்டாவை வஹகோட்டைக்குக் கொண்டுபோவதாகச் சொன்னான்.

"மொதல்ல இதுல தண்ணி கொதிக்க வைடா. இவ்வளவு பேரு வந்திருக்காங்க" என்றார் அக்கா.

முத்தலிப் நானா கொண்டுவந்த சீனியிலும் தேயிலையிலும் எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றினார்கள். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் எழவு வீட்டு டீய நானே குடிக்கிறேன். சீனிதான் கொஞ்சம் கூட."