ஒன்பதோடு நின்ற வகுத்தல்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பலகை மாட்டியிருக்கும் எண் ஜோசியரே, என் அக்கா மகளின் கல்யாணத்தைக் கெடுத்தது நீர்தான்.

மாகறல் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள், ஜாதகமும் பொருந்தியிருந்தது. நிச்சயத்துக்கு நாள் குறிக்க எல்லோரும் உம்மிடம் வந்தோம். நீர் நாள் குறிக்கவில்லை. பெண்ணின் செல்போன் நம்பரைக் கேட்டீர். கால்குலேட்டரை எடுத்து இரண்டில் தொடங்கி ஒன்பதுவரை வகுத்தீர். ஒவ்வொன்றிலும் மீதி வந்தது.

"இது பகா எண்ணு. எதோடயும் சேராது. இந்தப் பொண்ணு வூட்ல ஒருத்தரோடயும் ஒட்டாது" என்றீர். மாப்பிள்ளையின் அம்மா அப்போதே எழுந்துவிட்டார். மாப்பிள்ளையும் அவர் பின்னாலேயே போய்விட்டார். இன்ஜினியராம்.

நான் நெல் மண்டி வைத்திருப்பவன். பி.எஸ்சி. கணக்கும் படித்தவன். "ஏன்யா ஒம்போதோட நிறுத்திட்ட? பதினொண்ணு, பதிமூணுல போட்டுப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"கிரகம் ஒம்போதுதான் நைனா. அதுக்கு மேல இன்னாத்துக்கு?" என்றீர்.

இதுவா கணக்கு? ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாததுதான் பகா எண். பத்து இலக்க எண்ணை அப்படிச் சொல்ல, லட்சத்துக்குள் இருக்கும் எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். லட்சமும் லட்சமும் பெருக்கினாலே பதினோரு இலக்கம் வந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா மகள் லேப்டாப்பில் நாலு வரி புரோகிராம் எழுதி அதைத்தான் செய்தாள். எதிலும் வகுபடவில்லை.

"மாமா, நெசமாவே பகா எண்ணுதான்" என்று சிரித்தாள்.

அக்கா அழ ஆரம்பித்தாள். "அப்ப அந்தாளு சொன்னது கரெக்டுதானா? நம்பர மாத்திக்கினா இன்னாடி?"

"போன் நம்பர பாத்து ஓடுறவன், நாள பின்ன என் செருப்பு சைஸ பாத்து ஓடுவான். நான் மாத்த மாட்டேம்மா."

நீர் அரைகுறையாகப் போட்ட கணக்குக்கு, குருட்டாம்போக்கில் விடை சரியாகிவிட்டது. எனக்கு அதுதான் எரிகிறது. நீர் சொன்னது ஊரில் பரவி, அதற்குப் பிறகு வந்த இரண்டு மாப்பிள்ளை வீட்டாரும் அவள் என்ன படித்தாள் என்று கேட்கவில்லை, நம்பரைக் கேட்டார்கள்.

பகா எண் எதோடும் சேராதா? ஒன்றுக்கு மேல் எந்த முழு எண்ணையும் எடுத்துக்கொள்ளும். அது பகா எண்ணாக இருக்கும், இல்லையென்றால் பகா எண்களைப் பெருக்கி வந்ததாக இருக்கும். அவை இல்லாமல் உம் கால்குலேட்டரில் நாலும் வராது, ஆறும் வராது. பத்து இலக்க செல்போன் நம்பர்களில் சராசரியாக இருபத்து மூன்றுக்கு ஒன்று பகா எண். அப்படியென்றால் இந்த ஊரில் இருபத்து மூன்று பேருக்கு ஒருவர் குடும்பம் நடத்த லாயக்கில்லையா?

உம் பலகைக்குக் கீழே, மாகறல்காரர்களையும் வரவழைத்து, பஸ்ஸுக்கு நிற்கிற ஜனங்கள் முன்னால் பதில் சொல்லும். பகா எண் வைத்திருக்கும் பெண் எந்த விதத்தில் வீட்டுக்கு ஆகாதவள்? தெரியாதென்றால், தெரியாது என்பதையும் அங்கேயே நின்று சத்தமாகச் சொல்லும்.