சேராத கேள்விகள்

வினாக்கொத்தின் பதில்களைக் கணினியில் ஏற்றி, எந்தக் கேள்வி எந்தக் கேள்வியோடு சேருகிறது என்று பார்த்துச் சொல்வது என் தொழில். கண்டியில், பேராதனை வீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே அறை எடுத்துச் செய்கிறேன். ஒரே உணர்வை அளக்கும் கேள்விகள் என்றால் அவற்றின் பதில்களும் ஒன்றாக ஏறி இறங்க வேண்டும். அப்படி இருக்கிறதா என்பதை மென்பொருள் சொல்லிவிடும். முதுமாணிப் பட்டத்துக்காக வினாக்கொத்தும் கையுமாக அலைந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், நான் படும் பாடு உங்களுக்குப் புரியும். நீங்கள் பட்டது எனக்கும் தெரியும்.

இரண்டா, மூன்றா?

சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் ஆசிரியர். போரில் பிள்ளைகளைத் தொலைத்த தாய்மாரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தார். அவர் மொழிபெயர்த்த வெளிநாட்டு வினாக்கொத்தில் துக்கம், கோபம், பயம் என்று மூன்று பிரிவுகள். இந்தத் தாய்மாரின் பதில்களில் இரண்டுதான் வந்தன. துக்கமும் கோபமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

"புத்தகத்தில மூண்டு எண்டுதானே கிடக்கு. ஒருக்கா மூண்டா வரப் பண்ணிப் பாருங்கோவன்" என்றார். பேராசிரியர் ஏற்கமாட்டாரோ என்ற பயம் அவருக்கு. நான் திரையைத் திருப்பி, கோபக் கேள்விகளில் கூடுதலாகச் சொன்ன தாய்மாரே துக்கக் கேள்விகளிலும் கூடுதலாகச் சொல்லியிருப்பதைக் காட்டினேன். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த வரிகளை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். பிறகு சொன்னார்: "என்ர அம்மா அண்ணாவின்ர படத்துக்கு முன்னால நிண்டு ஏசிக்கொண்டுதான் அழுவா. ரெண்டெண்டே போடுங்கோ."

எல்லோருக்கும் ஒரே பதில்

நஸ்ரீனா மடவளையிலிருந்து வருவார். உளவளத்துணை படிக்கும் ஆசிரியை. கணவரை இழந்த பெண்களின் மனச்சோர்வு பற்றிய ஆய்வு. பதில்களை ஏற்றியதும் மென்பொருள் அப்படியே நின்றுவிட்டது. ஒரு கேள்விக்குப் பதில் ஆளுக்கு ஆள் கொஞ்சமாவது மாறினால்தான் கணக்கு ஓடும். 'வெளியே செல்வதைத் தவிர்க்கிறேன்' என்ற கேள்விக்கு எல்லோருமே 'எப்போதும்' என்று சொல்லியிருந்தார்கள்.

இத்தனை பேரும் ஒரே பதிலைச் சொல்வார்களா, எங்கே போய்க் கேட்டீர்கள் என்றேன். நஸ்ரீனா முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். கணவர் இறந்தபின் பெண்கள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலத்தில்தான் எல்லோரையும் பார்த்திருக்கிறார். "வெளிய போகாம ஈக்கிற பொம்பளைகள்ட்ட போய், வெளிய போறத்த தவிர்க்கிறீங்களான்னு கேட்டீக்கிறேன். நானும் இத்தா இருந்தவதான் மிஸ், எனக்கே வெளங்கல்ல பாருங்க."

கடைசிக் கேள்வி

கலைச்செல்வி தாதி. கண்டிக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களில், பிள்ளை பெற்ற தாய்மாரின் மனநிலையை லயம் லயமாக, தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கெல்லாம் போய்க் கேட்டு வந்திருந்தார். மென்பொருள் எல்லாவற்றையும் அழகாகச் சேர்த்துவிட்டு, கடைசிக் கேள்வியை மட்டும் வெளியே தள்ளியது. 'வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றியதா?' என்பதுதான் அது. அழுகை இல்லை, பயம் இல்லை, நன்றாகத் தூங்குகிறேன் என்ற பெண்களில் சிலர் அதற்கு மட்டும் 'சில வேளை' என்றிருந்தார்கள். அந்தக் கேள்வியை எடுத்துவிட்டால் முடிவு கச்சிதமாக வரும். கலைச்செல்வியும், "எடுத்துருங்க மிஸ், அடுத்த வாரம் ஆய்வ ஒப்படைக்கணும்" என்றார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. இதை மட்டும் வேறு மாதிரிக் கேட்டீர்களா என்று விசாரித்தேன். "ஆமா. லயத்துல இருக்கிறதே ஒரு அறை, அந்தக் காம்பராவுக்குள்ள மாமியார் உக்காந்திருப்பாங்க. அவங்க முன்னுக்கு இத எப்படிக் கேக்குறது? வழியனுப்ப வர்றப்ப வாசல்ல நின்னு மெதுவா கேட்டேன். தூக்கம் கெட்ட அலுப்புல சொல்றாங்கன்னு நெனச்சுட்டேன்..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஒட்டாமல் நின்ற அந்த ஒன்றுதான் உண்மையான பதில்.

ஒப்படைக்கும் வேலையை விட்டுவிட்டுக் கலைச்செல்வி மறுநாளே மலையேறினார். 'சில வேளை' என்ற ஒவ்வொருவரையும் தேடிப்போய், பிள்ளைக்கு நிறை பார்க்க என்று சொல்லிக் கிளினிக்குக்குத் தனியாக அழைத்துப் பேசினார். ஒரு பெண்ணை அன்றே கண்டி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டுச் செத்துப்போவது என்று அவள் ஏற்கனவே முடிவெடுத்திருந்தாளாம். சில வாரங்களில் தேறி, பிள்ளையோடு வீடு திரும்பினாள். கலைச்செல்வி எல்லாத் தாய்மாரிடமும் முதலிலிருந்து தனியாகக் கேட்டு எழுதினார். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தப் பெண் சொன்னதை என்னிடம் வந்து அப்படியே சொன்னார்: "மத்ததெல்லாம் மாமிக்குக் கேக்கட்டும்னு சொன்னேன். வாசல்ல கேட்டீங்களே, அது ஒண்ணுதான் மிஸ் எங்கிட்ட கேட்டது."

என் மென்பொருளுக்கு வருடாவருடம் புதிய பதிப்பு வருகிறது. பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தாரா என்று கேட்கும் பதிப்பை மட்டும் இன்னும் காணோம்.