பருத்திப்பட்டில் கேட்ட பூந்தமல்லி எல்லம்மாவின் கதை

சென்ற மாதம் சென்னையின் மேற்குப் பக்கத்து ஏரிகளைப் பற்றி எழுதியபோது, பருத்திப்பட்டு ஏரிக்கு எப்படிப் போவது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வழியைச் சொல்கிறேன். ஆனால் நான் அங்கே முதன்முதலாகப் போனது ஏரியைப் பார்ப்பதற்காக அல்ல. 1989 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இத்தாலியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்த ஓர் அம்மாவைப் பார்ப்பதற்காக என் மனைவி வசந்தாவோடு போனேன். அதைச் சொல்லாமல் வழியை மட்டும் எழுதிவிட்டுப் போக மனசு வரவில்லை.

அப்போது நாங்கள் செங்கல்பட்டில் இருந்தோம். வசந்தா அங்கே பெண்கள் பள்ளியில் பாட்டு வாத்தியார். முந்தைய செப்டம்பரில் அவளுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, குரல் போய்விட்டது. இப்படி ஆவதும் உண்டு என்று முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார்கள், யாரையும் குறை சொல்வதற்கில்லை. மிஞ்சியது காற்றும் கரகரப்பும் கலந்த ஒரு சத்தம். பேசப் பேசத்தான் ஓரளவாவது திரும்பும் என்றார் டாக்டர். அவள் பேச மறுத்துவிட்டாள். ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு, காய்கறிக்காரரிலிருந்து என் வரை எல்லாரிடமும் எழுதியே காட்டினாள். ஐந்து மாதம். அந்தக் குரலை நான்கூட மொத்தமாகப் பத்துத் தடவை கேட்டிருந்தால் அதிகம்.

எழும்பூர்ப் பக்கம் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த ஏழுமலை பருத்திப்பட்டுக்காரர். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் சொன்னார்: “எங்க பெரியம்மா இத்தாலில இருந்தவங்க சார். ஒரு பாட்டுக்கார தொரசானிக்குத் துணி உடுத்தி உட்ற வேலை. அந்தத் தொரசானிக்கும் நடுவுல தொண்ட பூட்ச்சாம். ஒங்க ஊட்டுக்காரம்மாவ ஒருவாட்டி இட்டுக்கினு வாங்களேன்.” வீட்டில் வந்து சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து, காபி டம்ளருக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது: ‘அந்த அம்மாவைப் பார்க்கப் போகலாம்.’ ஆபரேஷனுக்குப் பிறகு அவள் ஏதாவது ஒன்று வேண்டுமென்று கேட்டது அதுதான் முதல் தடவை.

செங்கல்பட்டில் காலை 6.10-க்கு வண்டி ஏறினோம். 7.50-க்குப் பார்க் நிலையம். சாலையைக் கடந்து சென்ட்ரலுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பும் புறநகர் வண்டி 8.20-க்கு. ஆவடிக்கு ஆளுக்கு இரண்டு ரூபாய் டிக்கெட் என்று நினைவு. ஞாயிறு என்பதால் ஜன்னலோரம் கிடைத்தது. வில்லிவாக்கம் தாண்டினால் தொழிற்சாலைச் சுவர்கள். அம்பத்தூர் தாண்டினால் இடையிடையே வயல். திருமுல்லைவாயிலில் கோயிலுக்குப் போகிறவர்கள் கூடையோடு இறங்கினார்கள். வசந்தா வழி முழுக்கப் புடவைத் தலைப்பால் கழுத்துத் தழும்பை மூடிக்கொண்டே வந்தாள். ஆவடியில் இறங்கும்போது ஒன்பதேகால்.

நிலையத்திலிருந்து பருத்திப்பட்டு மூன்று கிலோமீட்டர். ஆட்டோக்காரர் பத்து ரூபாய் கேட்டார்.

“எட்டுதான் ஆகும்னு ஏழுமலை சொன்னாரே.”

“எந்த ஏயுமல? இத்தாலி அஞ்சல ஊட்டு ஏயுமலையா? அத மொதல்லயே சொல்றதில்லையா சார், ஏறு ஏறு, எட்டே குடு. அந்தம்மா எங்க அம்மாவுக்கு இங்கிலீசு பிஸ்கோத்து செய்யக் கத்துக்குடுத்துது. பல்லு ஒடஞ்சதுதான் மிச்சம்.”

வசந்தாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. நான் கவனிக்காதது போல வெளியே பார்த்தேன்.

ஏரிக்கரையை ஒட்டி ஓடு போட்ட வீடு. ஏழுமலையின் மனைவி சரசு வாசலுக்கு வந்து அழைத்தார். ஏழுமலையின் பெரியம்மா அஞ்சலை அம்மாள் உள்ளே கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டிய ஒல்லியான உடம்பு, வெள்ளைப் புடவை, காலில் முழங்கால் வரை கம்பளிக் காலுறை! பிப்ரவரி மாதத்துப் புழுக்கத்தில்! “குளுருக்குப் பயந்து போட ஆரமிச்சது. பயக்கம் போவல” என்றார், நான் கேட்காமலே.

வசந்தா நோட்டை எடுத்து ஏதோ எழுதி அவரிடம் நீட்டினாள். அம்மாள் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“எனுக்குப் படிக்கத் தெரியாதும்மா. வாயால சொல்லு.”

நான் முந்திக்கொண்டு, “அவங்களுக்குத் தொண்டையில ஆபரேஷன்…” என்று ஆரம்பித்தேன்.

“அத ஏயுமல சொல்லிட்டான். எனுக்கு எடது காது சுத்தமா போச்சு. வலது காதுகிட்ட வந்து ஒக்காரு. பொறவு சொல்லிக்கலாம், மொதல்ல டீ குடி.”

வசந்தா என்னைப் பார்த்தாள். பிறகு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின் வலப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

அஞ்சலை அம்மாள் சொன்ன கதை இதுதான். அவருடைய அம்மா பூந்தமல்லியில் வெள்ளைக்காரப் பட்டாளத்து வாத்தியக் கோஷ்டித் தலைவர் வீட்டில் வேலை செய்தவர். அந்த வீட்டுப் பெண்ணுக்கு எலினோர் என்று பெயர். சுற்றியிருந்தவர்கள் வாயில் அது எல்லம்மா ஆகிவிட்டது. எல்லம்மாவுக்குப் பிறவியிலேயே அப்படி ஒரு குரல். மாதா கோயிலில் அவள் பாடினால் வெளியே வண்டி மாடுகள் நிற்குமாம் (“மாடு நின்னுதோ இல்லியோ, வண்டிக்காரன் நிறுத்துவான்”). பதினாறு வயதில் அவளைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குப் பாட்டுப் படிக்க அனுப்பினார்கள். இருபது வயதில் இத்தாலியில் மேடை ஏறிவிட்டாள். தெரியாதவர்களுக்காக: ஆப்பெரா என்பது வசனம்கூடப் பாட்டாகவே நடக்கும் ஐரோப்பிய நாடகம். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், அத்தனை வாத்தியங்களுக்கும் மேலே எழும்பி கடைசி வரிசைவரை போய்ச் சேரவேண்டிய பெண் குரலுக்கு சொப்ரானோ என்று பெயர். எல்லம்மா அந்தக் குரல்காரி.

இருபத்தெட்டாவது வயதில், தாயார் இறந்த செய்தி கேட்டு ஒரு தடவை பூந்தமல்லி வந்தாள். திரும்பிப் போகும்போது துணைக்கு ஓர் ஆள் வேண்டுமென்று, அப்போது பதின்மூன்று வயதான அஞ்சலையைக் கேட்டாள். “எங்கம்மா போன்னுச்சு. களத்துல நெல்லு தூத்தறதுக்குக் கப்பல்ல போறது மேலு இல்லியா?”

அதற்குப் பிறகு ஆறு வருடம் ரயிலும் மேடையும் ஓட்டலும்தான். அஞ்சலையின் வேலை: முப்பது கொக்கி வைத்த உடுப்பை மாட்டிவிடுவது, இடைவேளையில் வெந்நீர் தருவது, பாட்டு நடக்கும்போது திரைக்குப் பக்கத்தில் சால்வையோடு நிற்பது. “கோவம் வந்துதுன்னா செருப்பத் தூக்கி அடிப்பா. ஆனா எனுக்கு ஜொரம்னா அன்னிக்கு மேடைக்கே போவ மாட்டேன்னு ஒக்காந்துக்குவா. ஜனம் எய்ந்து நின்னு கைதட்டும். பூ வந்து வியும். எல்லாத்தையும் நான்தான் பொறுக்கணும்.”

முப்பத்துநாலு வயதில் தொண்டையில் கட்டி வந்தது. அறுத்தார்கள். அதோடு குரல் போனது.

வசந்தாவுக்கும் அப்போது முப்பத்துநாலு. நான் அவளைப் பார்க்கவில்லை. டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மூணு மாசம் கதவ சாத்திக்கினு கெடந்தா. வந்து பார்த்தவங்கள எல்லாம் தொரத்தினா. அப்புறம் ஒரு நா, அந்த நாடகக் கொட்டாயோட பெரிய மனுசன் வந்தாரு. குயிக்குள்ள ஒக்கார ஆளு வோணும், நீ வர்றியான்னு கேட்டாரு.”

“குழியா?” என்றேன்.

“மேடைக்கு நட்ட நடுவுல, முன்னாடி, தரைல ஒரு குயி. கோயிக்கூடாட்டம் மேல ஒரு மூடி. ஜனத்துக்கு உள்ள இருக்கறது தெரியாது. பாட்றவங்களுக்கு மட்டும் மூஞ்சி தெரியும். ஒவ்வொரு வரிக்கும் மொத வார்த்தய அவங்களுக்கு முன்னாடியே கீயேருந்து சொல்லணும். மறந்துட்டா எடுத்துக் குடுக்கணும். அதுக்குக் கொரலு வோணாம். சொல்றது தெளிவா இருந்தா போதும்.”

எல்லம்மா அன்றைக்கு அந்த மனிதரையும் துரத்தினாளாம். மறு வாரம் தானாகவே போனாள். முதல் நாடகத்தில், அவள் நூறு தடவை பாடிய வேஷத்தில் ஒரு சின்னப் பெண். நடுவில் அந்தப் பெண்ணுக்குப் பாட்டு மறந்துபோய்க் கண் மிரண்டது. குழியிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. அந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டு மேல் ஸ்தாயிக்கு ஏறிவிட்டாள். கொட்டகையே எழுந்து நின்றது. முடிந்ததும் அந்தப் பெண் ஓடிவந்து எல்லம்மாவின் கையில் முத்தம் கொடுத்தாள்.

“எல்லம்மா ஊட்டுக்கு வந்து கண்ணாடி ஜாடி ஒண்ணு விடாம ஒடச்சா. நான் மூலைல நின்னுகினு இருந்தேன். மறுநா காலைல கரீட்டா ஒம்போது மணிக்குத் தொப்பிய மாட்டிக்கினு ஒத்திகைக்குக் கெளம்பிட்டா. ஆறு வருசம் போனா. நான் ஊருக்குக் கெளம்பற வரிக்கும் ஒரு நாகூட நிக்கல.”

தன் தாய் படுத்த படுக்கையான செய்தி வந்ததும் அஞ்சலை ஊர் திரும்பினார். எல்லம்மா துறைமுகம் வரை வந்து வழியனுப்பினாள். சில வருடம் கடிதம் வந்தது. படித்துச் சொல்ல ஆள் தேடவேண்டும். இரண்டாம் உலகச் சண்டை தொடங்கியதும் அதுவும் நின்றது. பிறகு என்ன ஆனாள் என்று தெரியாது.

சரசு டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார். வசந்தா நோட்டைத் திறந்தாள், மூடினாள். பிறகு அஞ்சலை அம்மாளின் வலது காதுக்குக் குனிந்தாள்.

“அவங்க… அப்புறம் பாடவே இல்லையா?”

உடைந்த, காற்றடித்த குரல்.

“இன்னா? காத்துதான் வர்து. இன்னொருவாட்டி சொல்லு.”

வசந்தா மூச்சை இழுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கேட்டாள்: “பாடவே இல்லையா?”

“பாடாம இன்னா? அடுப்பாண்ட நின்னு வெங்காயம் நறுக்கும்போது பாடுவா. சகிக்காது. எனுக்குச் சிரிப்பு வந்துடும். நான் சிரிக்கறதப் பார்த்து அவளும் சிரிப்பா. சிரிச்சுட்டு மறுபடி பாடுவா.”

அதைச் சொல்லும்போதே அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வசந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலும் தண்ணீர் இருந்தது. அதன்பிறகு மதியச் சாப்பாடு வரை அவர்கள் இரண்டு பேரும்தான் பேசினார்கள். மேடையில் என்ன நிறத்தில் உடுப்பு, வெந்நீரில் என்ன போடுவார்கள், கப்பலில் என்ன சாப்பாடு… என்னை இருவரும் மறந்துபோனார்கள். நான் ஏரிக்கரையில் அரைமணி நேரம் நடந்துவிட்டு வந்தேன். அந்த வருடம் தண்ணீர் பரவாயில்லாமல் இருந்தது, நீர்க்காகங்கள் நிறைய.

எல்லம்மா பிறந்த ஊரையும் பார்த்துவிடலாமென்று இரண்டு மணிக்குப் பூந்தமல்லி பஸ் ஏறினோம். ஏழு கிலோமீட்டர், ஆளுக்கு ஒரு ரூபாய். பெண்கள் பக்கம் வசந்தா உட்கார்ந்தாள், நான் பின்னால் நின்றேன். கண்டக்டர் அவளிடம் முதலில் போனார். நான் சட்டைப் பைக்குள் கைவிட்டபடி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போகப் பார்த்தேன். அதற்குள், “பூந்தமல்லி ரெண்டு” என்றாள்.

“இன்னாம்மா, ஜலதோசமா? எங்க போணும்?”

“பூந்தமல்லி. ரெண்டு.”

அவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அவ்வளவுதான். ஐந்து மாதமாக அவள் பயந்துகொண்டிருந்தது அவ்வளவுதான்.

பூந்தமல்லியில் ஒரு மணி நேரம் சுற்றினோம். வாத்தியக் கோஷ்டித் தலைவரின் வீடு எது என்று யாருக்கும் தெரியவில்லை. பூக்கடை வைத்திருந்தவர், “பட்டாளக்காரன் ஊடா? இந்த ஊர்ல பாதி அதாங்க” என்றார். அவரிடம் நாலு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு, குன்றத்தூர் வழியாகப் பல்லாவரம் பஸ் பிடித்து, அங்கிருந்து ரயிலில் ஆறரை மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம்.

இப்போது போகிறவர்களுக்கு: ஆவடி வரை புறநகர் ரயிலே நல்லது, சாலையை நம்பவேண்டாம். நிலையத்திலிருந்து பூந்தமல்லிப் பக்கம் போகும் எந்தப் பஸ்ஸிலும் பருத்திப்பட்டில் இறங்கலாம். ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டிருக்கிறார்கள், காலை எட்டுக்குள் போனால் பறவைகள் கிடைக்கும். வந்த வழியே திரும்பாமல் பூந்தமல்லி, குன்றத்தூர் வழியாகப் போனால் தெற்கே இருக்கிறவர்களுக்கு ஒருமணி நேரம் மிச்சம். பழைய ஓட்டு வீட்டைத் தேடாதீர்கள், அங்கே இப்போது மூன்று மாடி.

வசந்தாவின் குரல் முழுதாகத் திரும்பவில்லை. பாட்டு வகுப்பை விட்டுவிட்டுத் தமிழ் வகுப்புக்கு மாறிக்கொண்டாள். கரகரப்பைக் கேட்டுச் சிரித்த பிள்ளைகள் ஒரு மாதத்தில் பழகிப்போனார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது தனியாகவே பருத்திப்பட்டுக்குப் போய்வருவாள்.

1992-இல் அஞ்சலை அம்மாள் காலமானார். ஏழுமலை செய்தி அனுப்பியதும் இருவரும் போனோம். வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளில் தோள் சாய்த்து ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் நகர்ந்து வசந்தாவுக்கு இடம் விட்டார்கள். நான் ஆண்களோடு சற்றுத் தள்ளி நின்றேன். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வாய்விட்டுப் பாடியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்லவேண்டும். காலையிலிருந்து அழுது அங்கே எல்லாருக்கும் தொண்டை கட்டியிருந்தது. அதில் அவள் குரல் எதுவென்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.