ஆளுக்கு ஒரு காதுப் பஞ்சு

அந்தப் பதினைந்து நாட்களில் நடந்தவை, வரிசைப்படி:

1. சிவகாசியில் அப்பா நடத்திய அச்சகத்துக்கு ஜெர்மனியிலிருந்து புது இயந்திரம் வந்தது.
2. அதைப் பூட்டிக் கொடுக்க ஒரு ஜெர்மன்காரரும் வந்தார்.
3. பெரியப்பா அவரோடு பேச மறுத்தார்.
4. ஆகவே நான் மொழிபெயர்ப்பாளர் ஆனேன்.
5. ஒரு சரவெடி தன் நேரத்துக்கு முன்பே வெடித்தது.

நாலாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எனக்கு அப்போது எட்டு வயது. தமிழைத் தவிர எந்த மொழியும் தெரியாது.

பெரியப்பாவும் சித்தப்பாவும் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து, உலகப் போரில் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மன்காரர்களோடு சண்டை போட்டவர்கள். பெரியப்பா மட்டும் திரும்பி வந்தார். அச்சகத்தில் தலைமை மெஷின்மேன் அவர்தான். ஜெர்மன்காரர் பேசிய இங்கிலீஷ் தெரிந்தவரும் அவர் ஒருவரே. அவர் பழகிக்கொள்ளாவிட்டால் புது இயந்திரம் ஓடாது. ஓடாவிட்டால் அந்த சீசனின் காலண்டர் ஆர்டர் அத்தனையும் வேறு கம்பெனிக்குப் போய்விடும். அப்பா கெஞ்சினார். "வேலைக்கு வாரேன். அந்த ஆளுகிட்டப் பேசச் சொல்லாதே" என்றார் பெரியப்பா.

வந்தார். ஜெர்மன்காரருக்கு மூன்றடி தள்ளி நின்றுகொண்டு என்னிடம் சொல்வார்: "தாயி, அந்த உருளையை இன்னும் கொஞ்சம் எறக்கச் சொல்லு." நான் அதையே ஜெர்மன்காரரிடம் தமிழில் உரக்கச் சொல்வேன். அவர் பெரியப்பாவின் விரல் போகும் திசையைப் பார்த்து உருளையை இறக்குவார். எனக்கு ஜெர்மன் மொழி வந்துவிட்டதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்தேன்.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. பெரியப்பாவுக்கு வெடிச்சத்தம் ஆகாது. பட்டாசு ஊரில் பிழைத்துக்கொண்டு இதென்ன சீக்கு என்று தெருவில் கேலி செய்வார்கள். காதுவலி என்று வீட்டில் சொன்னார்கள், நம்பினேன். எங்கே விசேஷமென்றாலும் இரண்டு பஞ்சு உருண்டைகளை உருட்டி அவர் கையில் கொடுப்பது என் பொறுப்பு.

இயந்திரத்துக்குப் பூசை போட்ட அன்றும் கொடுத்தேன். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சூடம் காட்டிய பிறகுதான் வெடி என்று அப்பா எல்லோரிடமும் சொல்லியிருந்தார். ஜெர்மன்காரரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய மொழிபெயர்ப்பாளர் சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் சிநேகிதரான விஸ்வநத்தத்துப் பட்டாசு முதலாளி, அன்பு மிகுந்து, எங்கள் வாசலிலிருந்து தெருமுனை வரை சரவெடி விரித்திருந்தார். மணிச்சத்தம் கேட்டதும் சூடம் காட்டியாயிற்று என்று நினைத்து அவருடைய ஆள் பற்றவைத்துவிட்டான்.

ஜெர்மன்காரர் காகித மேசைக்கடியில் போய்விட்டார். ஆறடி மனிதர், தலையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு.

"ஏலே, தொரை வெடிக்குப் பயந்துட்டாருலே" என்று யாரோ சிரித்தார்கள்.

பெரியப்பா சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் மேசைக்கடியில் நுழைந்தார். தன் ஒரு காதிலிருந்த பஞ்சை எடுத்து அவர் கையில் வைத்தார். ஆளுக்கு ஒரு காதில் பஞ்சும் மறு காதில் உள்ளங்கையுமாக இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

சரம் ஓய்ந்த பிறகும் வெளியே வரவில்லை. இங்கிலீஷில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள், என்னைக் கேட்காமலே. குனிந்து, "என்ன தேடுறீக, பெரியப்பா?" என்றேன்.

"முன்னாடி தொலைஞ்சது ஒண்ணு, தாயி. கெடச்சிருச்சு."

நம்பாமல் திருகாணிப் பெட்டியை எடுத்து எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை.

மறுநாளிலிருந்து பெரியப்பா அவரைத் தம்பி என்றே கூப்பிட்டார். ஆறடி ஆளைப் போய்த் தம்பி என்கிறாரே என்றிருந்தது எனக்கு. அவரும் 'தம்பி வந்தாச்சு' என்று சொல்லிக்கொண்டே அச்சகத்துக்குள் நுழையக் கற்றுக்கொண்டார். இருவரும் சிரித்துப் பேசியே காலண்டர் அத்தனையும் அடித்து முடித்தார்கள். என் வேலை போயிற்று. மூன்று நாள் நான் இருவரோடும் பேசவில்லை.

அந்த ஜெர்மன்காரரும் அதே பாலைவனத்தில் தன் அண்ணனைப் புதைத்துவிட்டு வந்தவர் என்பது, நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இயந்திரம் இப்போதும் ஓடுகிறது, நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கு முன்னாலும் ஜெர்மனியிலிருந்து பெரியப்பாவுக்கு ஒரு பஞ்சுப் பொட்டலம் வருகிறது, விருதுநகரில் மூட்டை மூட்டையாகப் பஞ்சு விற்பது தெரியாததுபோல. பாதியை எடுத்துக்கொண்டு மீதியைப் பெரியப்பா திருப்பி அனுப்பிவிடுகிறார்.