உப்பில்லாத பங்குனி

முத்துசெல்வியைப் பற்றி எங்கள் ஊரில் கேட்டால், "தீப்பெட்டி ஆபீஸ் வள்ளித்தாய் மகளா? பெங்களூர்ல பெரிய சயின்டிஸ்ட்லா" என்பார்கள். என்ன ஆராய்ச்சி என்று கேளுங்கள், பேச்சு உடனே மழைக்கும் பருத்திக்கும் தாவிவிடும். அவள் ஆராய்வது மனச்சிதைவு நோயை. அவள் அண்ணன் செண்பகராஜுக்கு அந்த நோய் என்பது கோவில்பட்டியில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் நாங்கள் கெட்டிக்காரர்கள்.

அந்த வீட்டில் அண்ணன்தான் படிப்பாளி. இன்ஜினியரிங் படிக்கும்போது ஒருநாள், பஸ் ஸ்டாண்ட் மைக்கில் தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தான். அப்புறம் கல்லூரிக்கே போகவில்லை. அப்போது நானும் முத்துசெல்வியும் பிளஸ் டூ. "அவன் தலைக்குள்ள என்னதான் நடக்குதுன்னு பாக்காம விடமாட்டேன்" என்று என்னிடம் சொன்னாள்.

சொன்னபடியே செய்தாள். மூளைச் செல்களின் சுவரில் நுண்ணிய வாசல்கள் உண்டாம். சோடியம், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் அவற்றின் வழியாகத்தான் போய்வருமாம். அயன் சேனல் என்று பெயர். அவை திறந்து மூடுவதில் எங்கே கோளாறு என்பதுதான் அவள் தேடல். கட்டுரை மேல் கட்டுரை வெளிவந்தது. ஒவ்வொன்றையும் முதலில் அண்ணனுக்குத்தான் போனில் சொல்லுவாள். "என் தலைய வச்சுத்தான பேரு வாங்குத? எனக்கும் பங்கு கொடுட்டி" என்பான். நல்ல நாட்களில் அவ்வளவு கேலிக்காரன்.

போன வருஷம் டாக்டர் பழைய மாத்திரைகளோடு லித்தியம் என்ற மாத்திரையையும் சேர்த்தார். அதன் பிறகு முத்துசெல்வி அம்மாவிடம் தினமும் கேட்டது ஒன்றே ஒன்று: மாத்திரை கொடுத்தாச்சா? வள்ளித்தாய் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை.

பங்குனி வெயில் ஏறிய சமயம், வள்ளித்தாய் மகளுக்குப் பூரிப்போடு சொன்னாள்: "அண்ணன் இப்ப எம்புட்டோ சாந்தம், ஏட்டி. சண்டை இல்ல, சத்தம் இல்ல. படுத்தா எந்திரிக்கவே மாட்டேங்கான்." புது மருந்து வேலை செய்கிறது என்று மகளும் மகிழ்ந்தாள். அடுத்து அவன் கை நடுங்கி டம்ளரைக் கீழே போட்டான், நாக்குக் குழறியது. வெயில் கிறுக்கம் என்று அம்மா மோர் கொடுத்தாள். வலிப்பு வந்த அன்று நான்தான் ஆட்டோ பிடித்தேன். திருநெல்வேலிக்குக் கொண்டுபோயும் பிரயோஜனமில்லை. முத்துசெல்வி வந்து "அண்ணே" என்று கூப்பிட்டபோது அவனுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கே போய்விட்டான்.

ரத்தத்தில் லித்தியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மாத்திரை அட்டையைப் பார்த்தால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எப்படி என்று முத்துசெல்விக்கே புரியவில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். அப்போதுதான் வள்ளித்தாய் வாயைத் திறந்தாள். "வேண்டுதல வெளிய சொன்னா பலிக்காதுன்னு யார்ட்டயும் மூச்சு விடல. பங்குனி உத்திரம் வரைக்கும் அவனுக்கு உப்பில்லாச் சாப்பாடு குடுக்கேன்னு கழுகுமலை முருகன்ட்ட நேந்திருந்தேன். மோர்லகூட ஒரு கல்லு போடல."

முத்துசெல்வி எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அதே மாத்திரை, அதே அளவு, விஷமாகிவிடும். "சோடியத்தப் பத்தி உலகத்துக்கே எழுதுனேன். எங்கம்மாட்ட உப்பக் கொறைக்காதன்னு ஒரு வார்த்த சொல்லலையே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் ஆத்திரம்தான். வியாதியையும் மறைக்கிறோம், வேண்டுதலையும் மறைக்கிறோம், பிறகு விதி என்கிறோம்.

அம்மாவிடம் சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். வள்ளித்தாய் அவள் கையைப் பற்றினாள்.

"கடைசி வாரம் எம்புள்ள ஒரு கொறையும் சொல்லாம பச்சப்புள்ளயாட்டம் தூங்குனாம்லா? முருகன் கேட்டுட்டாரு, இல்லையாட்டி?"

ஆதாரம் இல்லாமல் ஒரு வரிகூட எழுதாதவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆமாம்மா. கேட்டுட்டாரு."