பெரியப்பாவின் ஃபிரேமுக்கு வந்த அப்டேற்

அப்டேற் குறிப்புகளை முழுசாக வாசிக்கிற விசர்க் கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஏதாவது செயலி புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டால் மற்றவர்கள் 'சரி'யை அழுத்திவிட்டுச் சோறு தின்னப் போவார்கள். நான் உட்கார்ந்து வாசிப்பேன். எதை மாற்றினான், எதைக் கெடுத்தான், பழைய சாமானையே புதுசு என்று தலையில் கட்டுகிறானா என்று பார்ப்பேன். இன்னும் வெளிவராத சோதனை மென்பொருளைப் போட்டு என் ஃபோனை இரண்டு தடவை உயிரில்லாத செங்கட்டியாக்கியிருக்கிறேன். அதற்காக ஒரு நாளும் வருந்தியது கிடையாது.

அந்தச் சனிக்கிழமை காலை பெரியம்மா வீட்டுக்கு, விட்பிக்குப் போகிற ரெயினில் உட்கார்ந்தும் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பெரியப்பாவின் ஆண்டுத் திவசம். அம்மாவும் அப்பாவும் சமையலுக்கு உதவ விடியவே காரில் போய்விட்டார்கள். எனக்கு எட்டு மணிக்கு ஒன்லைனில் ஒரு வேலை நேர்முகம் இருந்ததால் பின்னால் தனியாகப் போனேன். நேர்முகம் நன்றாகத்தான் போனது. அந்தச் சந்தோசத்தில் மெயில்களைத் தட்டிக்கொண்டு போகையில் இது கண்ணில் பட்டது: 'உங்கள் டிஜிட்டல் படச் சட்டத்துக்குப் புதிய பதிப்பு வந்துவிட்டது. இனி நீங்கள் ஆல்பம் தெரிவுசெய்யத் தேவையில்லை. உங்கள் அன்புக்குரியவர்களின் படங்களை நாங்களே கண்டுபிடித்துக் காட்டுவோம்!'

கடைசியில் ஒரு ஆச்சரியக்குறி வேறு.

எனக்குக் குப்பென்று வியர்த்தது. ஏனென்று சொல்கிறேன்.

எங்கள் சொந்தத்துக்குள் இணையக் கணக்கு என்றால் அது என் கணக்குத்தான். பதின்மூன்று வயதில் இருந்து நான்தான் குடும்பத்தின் ரெக்னீசியன். புது ஃபோன் வாங்கினால் நேரே ஸ்காபரோவுக்குக் கொண்டுவந்து என் மடியில் போடுவார்கள். பாஸ்வேர்ட் கேட்டால் "நீயே ஒண்டைப் போடன்" என்பார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகக் கணக்குத் திறந்தால் அடுத்த கிழமையே மறந்துவிட்டு ஃபோன் எடுத்துக் கத்துவார்கள் என்று, நானும் சோம்பேறித்தனத்தில் எல்லாரையும் என் கணக்குக்குள்ளேயே ஏற்றிவிட்டேன். பெரியப்பாவின் ஃபோனில் இருந்த அத்தனை படமும் அப்படித்தான் என் கணக்கில் கிடந்தன. அவர் போன பிறகு அவற்றை ஒரு ஆல்பமாக்கி, ஒரு டிஜிட்டல் ஃபிரேம் வாங்கி, பெரியம்மா வீட்டு ஹோலில் வைத்துக் கொடுத்தேன். இருபது விநாடிக்கு ஒரு படம் மாறும். பெரியம்மா பார்த்துவிட்டு அழுதா. எல்லாரும் என்னை மெச்சினார்கள். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அதே கணக்கில்தான் என் படங்களும் இருந்தன. நான் விரும்புகிறவனோடு எடுத்தவை. தீவுக்குப் போகிற ஃபெரியில் அவன் தோளில் நான் சாய்ந்திருப்பது, பனியில் கை கோத்துக்கொண்டு நடப்பது, அவன் என் கன்னத்தில் மாவைப் பூசுவது. எண்பதுக்குக் குறையாது. அவன் மன்னார்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள்; நாங்கள் சைவம். இரண்டு வருசமாக வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. சொல்ல மாட்டேன் என்றில்லை. வேலை கிடைத்ததும் அப்பாவை இருத்தி வைத்து நானே என் வாயால் சொல்வதாக இருந்தேன். இப்போது என் வாய்க்கு வேலையில்லாமல், ஐம்பது சொந்தக்காரருக்கு முன்னால், படையலுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில், இருபது விநாடிக்கு ஒரு தடவை, ஒரு ஃபிரேம் சொல்லப்போகிறது. அதுவும் பெரியப்பாவின் திவச நாளில்.

என் ஃபோனில் இருந்தே நிப்பாட்டலாம் என்று பார்த்தேன். போன மாதம் ஃபோன் மாற்றும்போது அந்தச் செயலியைத் திரும்பப் போட மறந்திருந்தேன். அவசரமாக இறக்கினேன். உள்ளே போக ஆறு இலக்கக் குறியீடு கேட்டது. குறியீடு எங்கே வரும்? அந்த ஃபிரேமின் திரையிலேயே வரும். யாராவது அதற்கு முன்னால் நின்று பார்த்து வாசிக்க வேண்டும். எந்தப் புத்திசாலி இதை யோசித்தானோ!

அம்மாவுக்கு எடுத்தேன்.

"அம்மா, பெரியம்மான்ர ஹோலில நிக்கிற ஃபிரேமை ஒருக்கா நிப்பாட்டி விடுங்கோ. வயரை இழுத்தாலே காணும்."

"எதை?"

"படம் ஓடுற ஃபிரேமை."

"உனக்கென்ன விசரே? மனுசன்ர திவசத்தில மாலை போட்டு, பொட்டு வைச்சு, விளக்கும் கொளுத்தியாச்சு. இப்ப கரண்டை இழுத்து மனுசனை இருட்டாக்கச் சொல்லுறியோ?"

"இல்லையம்மா, அது சூடாகிப் பழுதாப் போகும்."

"பழுதாப் போனா நீ வந்து திருத்து. ஐயரும் வந்திட்டார். கொப்பா ஃபிரேமுக்கு முன்னாலதான் நிக்கிறார், குடுக்கட்டோ?"

"வேண்டாம்!"

ரெயின் பெட்டியே திரும்பிப் பார்த்தது. அம்மா "உவளுக்கு என்னவோ பிடிச்சிட்டுது" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே வைத்துவிட்டா.

விசயத்தை அவனுக்கு மெசேஜில் போட்டேன். எனக்கு ஆறுதல் சொல்வான் என்று பார்த்தால், "எந்தப் படம்? நான் அதில வடிவா இருக்கிறனோ?" என்று கேட்டான்.

"நேர்ல வா, உன்னையே மாலையோட தொங்க விடுறன்" என்று அனுப்பிவிட்டு ஃபோனைப் பைக்குள் எறிந்தேன்.

ஸ்டேசனில் இறங்கி டாக்சி பிடித்தேன். பெரியம்மாவின் பகுதியில் எல்லா வீடும் ஒரே அச்சு, ஒரே நிறம். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளை வைத்துத்தான் எந்த வீடென்று கண்டுபிடித்தேன். உள்ளே சாம்பிராணிப் புகை. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் யாருக்கும் தலையாட்டவில்லை. நேரே ஃபிரேமைத்தான் பார்த்தேன்.

பெரியப்பா. கம்பளித் தொப்பியோடு, பனி தள்ளுகிற சவளை ஊன்றிக்கொண்டு, போரில் வென்றவர் போல நின்றார். அவரைச் சுற்றி மல்லிகை மாலை. கண்ணாடியின் மேல் மூலையில் சந்தனப் பொட்டு.

நல்லது. இது மாறினால் அடுத்தது யார்? மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. மாறவில்லை. நாற்பது. மாறவில்லை. நூறு வரைக்கும் எண்ணினேன். பெரியப்பா சவளோடு அப்படியே நின்றார். ஃபிரேம் இறுகிப்போய்விட்டது என்று நினைத்தேன். ஏதாவது மென்பொருள் இறுகினால் செய்தவனுடைய பரம்பரையையே திட்டுகிறவள் நான். அன்றைக்கு, கடவுளே இது இப்படியே இறுகிக் கிடக்கட்டும் என்று கும்பிட்டேன். திரும்ப உயிர் வந்தால் மறைப்பதற்காக ஃபிரேமுக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லு பிள்ளை, படம் மறைக்குது" என்றார் அப்பா மெதுவாக.

அரை அடி தள்ளினேன். அதற்கு மேல் கால் வரவில்லை.

கிரியை முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. ஒவ்வொருத்தராக வந்து பூப் போட்டார்கள். யாராவது திரையைத் தொட்டுக் கும்பிடக் கை நீட்டும்போதெல்லாம் குறுக்கே பூத்தட்டை நீட்டினேன். ஆனால் படம் மாறவேயில்லை.

பந்தி தொடங்கியதும் பெரியம்மா என்னைக் கண்ணால் கூப்பிட்டா. குசினிக்குள் நாங்கள் இரண்டு பேர்தான். பாயாசத்தைக் கரண்டியால் கிளறிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டா.

"அந்தப் பெடியன் ஆர்?"

"எந்தப் பெடியன், பெரியம்மா?"

"நடிக்காதை. கழுத்தில சிலுவைச் சங்கிலி. கன்னத்தில குழி விழும்."

ஒளிக்க இனி ஒன்றுமில்லை. "ரெண்டு வருசமா..." என்று மட்டும் சொன்னேன்.

"வியாழக்கிழமை மாலையைக் கட்டிப் போட்டிட்டுத் திரும்பிப் பாக்கிறன், மாலைக்குள்ள நீங்கள் ரெண்டு பேரும் நிண்டு சிரிக்கிறியள். எனக்கு நெஞ்சே நிண்டிட்டுது. உயிரோட இருக்கிற பிள்ளையளுக்கு ஆரும் மாலை போடுறதோ? ஓடிப்போய்க் கழட்டினன். கழட்ட மனுசன் வந்திட்டார். சரியெண்டு போட்டன். திரும்பவும் நீங்கள். கழட்டினன். போட்டன். கழட்டினன். தோள்மூட்டு விட்டுப்போச்சு, பிள்ளை."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "பேந்து என்ன செய்தனீங்கள்?"

"பேந்தென்ன, இவர் வரேக்க விரலை வைச்சு அமத்திப் பிடிச்சு, 'இதில நில்லுமப்பா' எண்டன். நிண்டிட்டார். உயிரோட இருக்கேக்க ஒருநாளும் என்ர சொல்லுக் கேளாத மனுசன்."

திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் படம் அப்படியே நிற்கும் என்பது எனக்கே தெரியாது. அந்த ஃபிரேமை வாங்கியது நான், பூட்டியது நான், அதைப் பற்றி எல்லாருக்கும் வகுப்பெடுத்தது நான். பிறகு தேடிப் பார்த்தேன், கையேட்டில் நாலாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது.

"அப்பாக்குத் தெரியுமோ?"

"நான் ஏன் சொல்லுறன்? என்ர வாயோ அது? நீ சொல்லு. ஆனா கெதியாச் சொல்லு. இண்டைக்கு ஐயர் பூவைப் போடேக்க விரல் படப்பாத்தது. எனக்கு உயிர் போய் வந்தது."

அப்போதுதான் மூச்சை விட்டேன். ரெயினில் பிடித்த மூச்சு. பெரியம்மாவைக் கட்டிப் பிடித்தேன். "பாயாசம், பாயாசம்" என்று கத்தினா.

சொந்தக்காரர் கலைந்து, அப்பா வெளியே காருக்குப் பக்கத்தில் நின்று கதைத்துக்கொண்டிருந்தபோது, ஃபிரேமில் வந்த ஆறு இலக்கத்தையும் நானே பார்த்துத் தட்டினேன். பெரியம்மாவின் பேரில் புதுக் கணக்குத் திறந்து, பெரியப்பாவின் படங்களை மட்டும் அதற்குள் மாற்றி, என்னுடையதை முழுதாகக் கழற்றினேன். பாஸ்வேர்ட் என்ன வேண்டும் என்று கேட்டேன். வழக்கம்போல "நீயே ஒண்டைப் போடன்" என்றா. முடியாது என்று அவவைக் கொண்டே தட்டச் செய்தேன்.

ஸ்காபரோவுக்குத் திரும்புகிற வழியில் பின்சீற்றில் இருந்தேன். உடம்பெல்லாம் இலவம்பஞ்சு மாதிரி. நித்திரை சொக்கிக்கொண்டு வந்தது. அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இண்டைக்கு எல்லாரும் உன்னைப் பற்றித்தான் கதைச்சவை. முழு நேரமும் படத்துக்குப் பக்கத்தில நிண்டு, கண்ணெடுக்காமப் பாத்துக்கொண்டு நிண்டியாம். பெரியப்பாவில அவ்வளவு பாசமோ?"

பக்கத்தில் அம்மா மூக்கை உறிஞ்சினா. நான் கூச்சத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

"ஓமப்பா."

"நல்ல பிள்ளை. எங்கட வீட்டு ஹோலுக்கும் உது மாதிரி ஒண்டு வாங்கிப் பூட்டுவமே? உன்ர படங்கள் ஓடட்டும்."

நித்திரை பறந்தது. புதுச் சாமான் என்றால் முதல் ஆளாகக் கை தூக்குகிற நான், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன்:

"வேண்டாமப்பா. கடதாசியில பிரிண்ட் எடுத்து மரச் சட்டத்தில போடுவம். அதுதான் நல்லது." வந்த துணிவு போகுமுன் அடுத்ததையும் சொன்னேன். "அப்பா, நாளைக்குப் பின்னேரம் வீட்டில நிப்பீங்களோ? உங்களோட ஒரு விசயம் கதைக்கோணும்."

"நிப்பன், நிப்பன்" என்றார் அப்பா, லேனை மாற்றிக்கொண்டே.