எங்கள் வீட்டுக் குழியில் எண்ணெய்

தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்ததும் நகராட்சியிலிருந்து வீடு வீடாக ஒரு தாள் கொடுத்தார்கள். குழாயில் எதையெல்லாம் விடக் கூடாது என்று பதினொரு விதிகள். மழைநீர் கூடாது, துணி கூடாது, கொதிநீர் கூடாது. எண்ணெயும் கொழுப்பும் கூடவே கூடாது. நான்கு முறை படித்தேன். எங்கள் தெருவின் இருபத்தேழு வீடுகளில் முதலில் மீறப்போவது எதிர் வீட்டில் மெஸ் நடத்தும் அம்மாள்தான் என்று முடிவு செய்தேன்.

தென்காசியில் சாரல் விழத் தொடங்கினால் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அந்த மெஸ்ஸைத் தேடி வந்து சாப்பிடுவார்கள். அந்த இரண்டரை மாத வியாபாரத்தில்தான் அவருடைய வருஷமே ஓடியாக வேண்டும். அது தெரிந்தும் தினமும் காலையில் போய் நிற்பேன்.

"நேத்து மத்தியானம் தொண்ணூத்தாறு இலை விழுந்திருக்கு. அவ்வளவு பாத்திரத்து எண்ணெயும் எங்கம்மா போகுது?"

"எச்சி எலையயுமா எண்ணுதிய அண்ணாச்சி?" என்று சிரிப்பார்.

கடைசியில் என் தொந்தரவு தாங்காமல் பின்கட்டில் மூன்று அறைகளோடு ஒரு தொட்டி கட்டினார். பாத்திரம் கழுவிய தண்ணீர் அதில் தங்கும்; எண்ணெய் மேலே மிதக்கும்; அடித் தண்ணீர் மட்டும் தெருக் குழாய்க்குப் போகும். மிதப்பதைத் தினமும் அகப்பையால் வழித்து டப்பாவில் சேர்ப்பார். எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை.

அந்த ஆடியில் என் மனைவியின் தம்பி குடும்பத்தோடு வந்திறங்கினான். பதிமூன்று பேர். உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் அருவியில் நின்றால்தான் அவர்களுக்குக் குற்றாலம். அங்கேயோ எண்ணெய், சோப்பு, சீயக்காய் எதுவும் கூடாது என்று தடை. நான் வாசலை மறித்துக்கொண்டேன்.

"எண்ணெயோட ஒருத்தரும் ஐந்தருவிக்குப் போகக் கூடாது. வீட்டுலயே சீயக்காய் போட்டுக் குளிச்சிட்டுப் போங்க."

"அருவியில குளிக்கதுக்கு முன்னால ஒரு குளியலா அத்தான்?"

"விதி, மாப்ள."

பாவம், கீழ்ப்படிந்தார்கள். நான்கு நாள், ஐம்பத்திரண்டு குளியல். இந்தப் பெருக்கலை நான் பிற்பாடுதான் போட்டேன்.

ஐந்தாம் நாள் காலை தெரு நடுவிலிருந்த இரும்பு மூடியைச் சுற்றிக் கழிவுநீர் பொங்கியது. நகராட்சிக்கு நானே போன் செய்தேன். "எதிர்ல ஒரு மெஸ் இருக்கு" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

மேற்பார்வையாளர் இரண்டு ஆட்களோடும் அடைப்பு எடுக்கும் இயந்திரத்தோடும் வந்தார். நேராக மெஸ் வாசலுக்குப் போனார்.

"எண்ணெய் இங்கருந்து வந்திருந்தா இணைப்ப அடைச்சிருவோம்மா. மறுபடி அனுமதி வாங்க ரெண்டு மாசம் ஆகும்."

இரண்டு மாதம் என்றால் சாரலே முடிந்துவிடும். அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. "தொட்டியப் பாத்துட்டுச் சொல்லுங்க சார்" என்று மட்டும் சொன்னார். கையிலிருந்த அகப்பையைக் கீழே வைக்கவில்லை. போனில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தெருக் குழாயிலிருந்து கம்பியோடு வந்தது தவிட்டு நிறத்தில் களி மாதிரி ஒரு கட்டி. எந்த வீட்டுச் சரக்கு என்று பார்க்க, ஒவ்வொரு வாசலிலும் வீட்டுக் குழாய் வந்து சேரும் சிறு குழியைத் திறந்தார்கள். மெஸ் குழியில் தண்ணீர் சுத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த மூன்றும் அப்படியே. ஐந்தாவதாக எங்கள் குழியின் மூடியைத் தூக்கினார்கள். சீயக்காய் மணம் தெருவெல்லாம் பரவியது. அதே தவிட்டு நிறக் களி, விளிம்புவரை.

"இங்கன யாரு எண்ணெய்க் குளியல் போடுதது?" என்றார் மேற்பார்வையாளர்.

பதில் என் முதுகுக்குப் பின்னால் நின்றது. இடுப்பில் துண்டோடும் உடம்பெல்லாம் எண்ணெயோடும் மைத்துனன் தன் முறைக்காகக் காத்திருந்தான்.

"நான் விதிப்படிதான் நடந்தேன் சார்," என்றான் அவன். "எங்க அத்தானக் கேளுங்க."

முதலில் சிரித்தது மெஸ் அம்மாள். அப்புறம் இருபத்தேழு வீடும் சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை.

"பெரியவரே, உங்க குளியலறைக் குழாய அடைக்கணும். ஒரு தொட்டி கட்டிட்டுச் சொல்லுங்க."

"தாராளமா அடைங்க," என்றேன். எழுபத்து மூன்று வயதில் எந்தத் தண்டனையையும் இவ்வளவு சந்தோஷமாக நான் வாங்கிக்கொண்டதில்லை. மெஸ் அடுப்பு அன்று அணையவில்லை.

சாலையைக் கடந்து போய், "போன்ல உன்னத்தாம்மா சொன்னேன். தப்பு" என்றேன்.

"தெரியும். வேற யாரச் சொல்லப் போறிய? நீங்க வந்து வந்து நச்சரிக்கலைன்னா இந்தத் தொட்டிய நான் எங்க கட்டியிருக்கப் போறேன்? இன்னைக்குக் கடைய அடைச்சிட்டுப் போயிருப்பாவ." பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க பின்கட்டுல எடம் இருக்குல்லா? கொத்தனார நான் அனுப்புதேன். வேல சரியா நடக்கான்னு தெனமும் காலைல வந்து பாப்பேன், சொல்லிட்டேன்."

சொன்னபடி தினமும் வந்தார்; கொத்தனார் நடுச் சுவரை எழுப்பிய மறுநாள் காலை ஆறரைக்கே வந்துவிட்டார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி இரண்டு நடை நடந்தார்.

"நடுச் சுவரு சாஞ்சிருக்கே அண்ணாச்சி."

கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது.